நூறு மில்லிமீட்டர் லென்ஸும் அதன் மூடியும்

அக்டோபர் 3, சனி

பள்ளிக்கூட மதிய உணவுப் பட்டியலை ஒருவழியாக முடித்தேன். மாதத்தில் பூசணி ஐந்து முறை வருகிறது என்று தலைமையாசிரியர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அவர் வந்து சமைக்கப் போவதில்லை.

பத்து மணிக்குத் தொகியே அக்கா போன் செய்தாள். அவள் சலூனில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவாள், எடுத்ததும் விஷயத்துக்குப் போய்விடுவாள்.

"ஹரு, என் சாவுப் படத்தை நீதான் எடுத்துக் குடுக்கணும்."

கையிலிருந்த தேநீர் பட்டியல் மேலேயே கொட்டிவிட்டது. பூசணி எல்லாம் கரைந்து போயிற்று.

"என்னக்கா ஆச்சு? டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் ஆகல. கொதிப்புக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அறுபத்தாறு ஆச்சுல்ல. எங்கிட்ட வர்ற பொம்பளைங்க பாதிப் பேர் சடங்குல வெக்கறதுக்குன்னு இப்பவே படம் எடுத்து வெச்சுட்டாங்க. அவங்களுக்கெல்லாம் தலை சீவி அனுப்பறவ நான். எனக்கு மட்டும் இல்ல."

ஸ்டூடியோவுக்குப் போயேன் என்றேன். அங்கே எல்லோரையும் ஒரே மாதிரிச் சிரிக்க வைக்கிறார்களாம். "அம்மா மாதிரி ஆயிடக் கூடாது ஹரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அம்மா போனபோது வீடு முழுக்கத் தேடியும் ஒரே ஒரு படம்தான் கிடைத்தது. வெந்நீர் ஊற்றுக்குப் போனபோது எடுத்த கும்பல் படம். குளியல் அங்கியில், பக்கத்து வீட்டுக்காரி தோளில் சாய்ந்து நிற்கிறாள். ஈமச் சடங்கு நிறுவனத்தில் தலையை மட்டும் வெட்டி எடுத்து, கறுப்புக் கிமோனோ போட்ட ஓர் உடம்பின் மேல் ஒட்டிக் கொடுத்தார்கள். கழுத்துக்கு மேலே அம்மா, கழுத்துக்குக் கீழே யாரோ. பன்னிரண்டு வருடமாக அந்த யாரோவுக்கும் சேர்த்துத்தான் ஊதுவத்தி ஏற்றுகிறோம்.

அக்காவுக்கு அப்படி நடக்க விடமாட்டேன்.

அக்டோபர் 4, ஞாயிறு

ஒத்திகை பார்க்க வீட்டில் கிடைத்த ஆள் என் புருஷன் மொரியோ. ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று கூடக் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

என் கேமரா என்னைவிட நான்கு வயது சின்னது. முப்பத்தைந்து வயதில் போனஸ் பணத்தில் பழையதாக வாங்கியது. இருப்பது ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுதான். ஆப்பிள் தோட்டம், திருவிழா, மலை எல்லாவற்றுக்கும் அது போதும். முகத்துக்குப் போதுமா?

அக்டோபர் 10, சனி

போதாது. படம் வந்தது. முகம் பெரிதாக வர வேண்டுமென்று கிட்டே போய் எடுத்ததில் மொரியோவின் மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி முன்னால் நிற்கிறது, காதுகள் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டன.

"என் மூக்கே அப்படித்தானே" என்றார்.

"அக்கா மூக்கும் அப்படித்தான். இதைக் காட்டினா கத்திரியாலயே குத்துவா."

தள்ளி நின்று எடுத்தும் முகம் பெரிதாக வர, நீளமான லென்ஸ் வேண்டும். எண்பத்தைந்து, தொண்ணூறு, நூறு, அந்த அளவு. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. முப்பதாயிரம் யென்னுக்கு மேலும் ஆசைப்படக் கூடாது.

அக்டோபர் 11, ஞாயிறு

கோட்டைக்குப் பின்தெருவில் உஷியாமாவின் பழைய கேமராக் கடை. அவளுக்கும் என் வயதுதான். கழுத்தில் பூதக்கண்ணாடியை மாலை மாதிரிப் போட்டிருப்பாள். விற்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவள்போல் பேசுவாள்.

அலமாரியில் நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ்கள் மலைபோல் கிடக்கின்றன. ஐயாயிரம் யென். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு மலிவா?

"மலிவா இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. உங்க கேமரா ஜன்னல்ல ரெண்டு உருவம் ஒண்ணு சேர்றதை வெச்சுதானே தூரம் பிடிக்கிறீங்க? நூத்தி முப்பத்தஞ்சுல அது முடி அளவு தப்பினாலும் படத்துல கண்ணு கலங்கிடும். ஜன்னல்ல சட்டமும் தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். வாங்கினவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாந்து போட்டதுதான் இந்த மலை."

ஜெர்மன் தொண்ணூறு ஒன்று இருந்தது. அழகு. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்ப வைத்துவிட்டேன். மீதி இரண்டு. நம் நாட்டு நூறு மில்லிமீட்டர், கறுப்பும் வெள்ளியுமாக ஒல்லியாக, உள்ளே லேசான மங்கல், பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. பிறகு சோவியத் எண்பத்தைந்து. குண்டாக, கண்ணாடி கிணறுபோல் ஆழமாக, இருபத்திரண்டாயிரம்.

"அந்த எண்பத்தஞ்சு கிட்டக்க குறி தப்பும். அவங்க ஊர் கேமரா அளவு வேற, நம்ம அளவு வேற. தள்ளி நின்னு எடுத்தா தெரியாது. முகம் எடுத்தா தெரியும்."

கேட்டேன். நன்றாகக் காதில் விழுந்தது. ஆனால் அந்தக் கிணறு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அக்காவின் முகச் சுருக்கம் எல்லாம் பஞ்சுபோல வரும் என்று மனசு சொன்னது. எண்பத்தைந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 12, திங்கள்

மொரியோ மறுபடியும் நாற்காலியில். விடுமுறை நாளைக் கெடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேரிக்காய் தோல் சீவிக் கொடுத்தேன்.

அக்டோபர் 17, சனி

இடது காது அற்புதம். காதில் இருக்கும் ஒவ்வொரு முடியும் எண்ணலாம். கண் மட்டும் குளத்தில் விழுந்ததுபோல் கலங்கியிருக்கிறது. பன்னிரண்டு படம், பன்னிரண்டிலும் காது.

உஷியாமா சொன்னதை என் காதால் கேட்டுவிட்டு, என் கையாலேயே பணத்தை எண்ணிக் கொடுத்தேனே.

மொரியோ படத்தைத் தூக்கிப் பார்த்தார். "காது, தெளிவு" என்று விரல் நீட்டிச் சொன்னார்.

இவரைப் பற்றி இதையும் எழுதி வைக்க வேண்டும். நம் ஊர்ச் சின்ன ரயிலில் முப்பத்தைந்து வருடமாகச் சிக்னல் பராமரிப்பு. ரயில்காரர்கள் எதைச் சோதித்தாலும் விரலை நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தினமும் கிளம்பும்போது வாசலில் நின்று விரலை நீட்டுவார். "அடுப்பு, அணைஞ்சாச்சு. ஜன்னல், பூட்டியாச்சு. ஹரு, கோபத்துல இருக்கா." கல்யாணம் ஆன புதிதில் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. இப்போது, அவர் சொல்ல மறந்த நாளில் நான் பள்ளியிலிருந்து அடுப்பை நினைத்துக்கொண்டிருப்பேன்.

அக்டோபர் 18, ஞாயிறு

உஷியாமா 'நான் சொன்னேனே' என்று சொல்லவில்லை. அதற்கே அவளுக்குக் கோயில் கட்டலாம். எண்பத்தைந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நூறைக் கொடுத்தாள். கொஞ்சம் நஷ்டம்தான். கடைக்குள்ளேயே கழற்றி உள்ளே இருந்த மங்கலைத் துடைத்தாள். மூடியும் தந்தாள். தகர மூடி, உள்ளே வெல்வெட்.

"மூடியைத் தொலைச்சுடாதீங்க. இந்த அளவு இப்ப எங்கயும் கிடைக்காது."

அக்டோபர் 31, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்று முழு ஒத்திகை. மொரியோவைக் கோட்டும் டையும் போட வைத்தேன். தலை சீவிவிட்டேன். ஜன்னலுக்கு மெல்லிய துணி, எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "வாயைத் திறக்காதீங்க. உதடு அசைஞ்சா படம் போச்சு" என்று ஒரு அதட்டல் போட்டேன். மூடிக்கொண்டார். இருபது படம் எடுத்தேன். பொறுமையாக, இரண்டு உருவமும் கண்ணில் வந்து ஒன்று சேரும்வரை காத்திருந்து. கண்ணில் என்ன ஒரு குறும்பு அவருக்கு, இதை அக்காவிடம் வரவழைக்க முடிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

முடிந்து கேமராவைத் திருப்பினேன். லென்ஸ் மேல் மூடி.

என் கேமராவில் நான் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் பிடிக்கும் கண்ணாடி வேறு. கண்ணாடியைப் போர்வை போட்டு மூடினாலும் எனக்கு எதிரில் எல்லாம் பளிச்சென்று தெரியும். தெரிந்தது. ஃபிலிமில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்திருக்காது.

"ஐயோ, மூடி" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஆமா. நான் முதல்லயே பாத்தேன்."

"பாத்தீங்களா? பாத்துட்டு இருபது படத்துக்கும் உக்காந்தீங்களா?"

"நீதானே வாயைத் திறக்கக் கூடாதுன்னே."

கோபத்தில் துணியையும் அட்டையையும் கழற்றி மூலையில் எறிந்தேன். பிறகு இரவு சோறு போடும்போது அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்துவிட்டேன்.

நவம்பர் 3, செவ்வாய்

அக்காவுக்கு மூடிக் கதையைச் சொன்னேன். "உனக்குப் பேசற ஆள்தான் சரிப்படும், மாப்ளைய வித்துட்டு ஒரு கிளி வாங்கிக்கோ" என்றாள். படத்துக்கு இம்மாதம் இருபத்தொன்பதாம் தேதி வருகிறாள். முந்தின நாள் சாயம் போட்டுக்கொள்வாளாம்.

நவம்பர் 8, ஞாயிறு

கடைசி ஒத்திகை என்று சத்தியம் செய்து உட்கார வைத்தேன். கோட்டு வேண்டாம் என்றார், வேலைக்குப் போடும் நீல ரயில்வே ஜாக்கெட்டோடேயே உட்கார்ந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் கேமராவைத் தயாராக எடுத்து என் நாற்காலியில் வைத்திருந்தார்.

எட்டுப் படம் ஒழுங்காகப் போனது. ஒன்பதாவதுக்கு ஆள் கெட்டுப் போனார். வாயை இறுக்க மூடிக்கொண்டு, விரலை நேராக லென்ஸை நோக்கி நீட்டி, கண்ணெல்லாம் சிரிப்பு. என்னைக் கேலி செய்கிறார். எரிச்சலில் அப்படியே அழுத்திவிட்டேன். அதற்குள் பள்ளியிலிருந்து போன், நாளைக்குப் பால் வண்டி வராதாம். கேமராவை அலமாரியில் போட்டுவிட்டு ஓடினேன்.

மீதி ஃபிலிம் அக்காவுக்கு.

நவம்பர் 12, வியாழன்

பதினொன்றே காலுக்குப் பள்ளிக்குப் போன் வந்தது. மொரியோ.

நவம்பர் 13, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் எது நடந்தது, எது நான் நினைத்துக்கொண்டது என்று பிறகு தெரியாமல் போய்விடும்.

கருவிக் கொட்டகையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டினாராம். எழுந்திருக்கவில்லையாம். தலைக்குள் ரத்தக் குழாய். டாக்டர் வரைந்து காட்டினார். நான் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பேனா. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கை சூடாகத்தான் இருந்தது. சூடாக இருந்த கையை எப்படி முடிந்துவிட்டது என்கிறார்கள்?

காலையில் விரல் நீட்டினாரா? அடுப்பு சொன்னார். ஜன்னல் சொன்னார். என்னைச் சொன்னாரா? நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. சொன்னாரா இல்லையா?

வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் ஈமச் சடங்கு நிறுவனத்திலிருந்து கொமியா என்பவர் வந்து வாசலில் தலை குனிந்து நின்றார். மரியாதையானவர். என்ன பூ, எத்தனை பேர், எந்தக் கோயில் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், என் குரல்தான் சொன்னது. பிறகு கேட்டார்: "ஐயாவோட படம் ஒண்ணு வேணுங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கிடைச்சா போதும்."

போனில் தேடினேன். முதுகு. ஹெல்மெட். குனிந்து ஏதோ ஆணி முடுக்குகிறார். உணவு மேசையில் பாதி காது. முப்பது வருடம் கேமரா வைத்திருக்கும் பெண்டாட்டி, ஆப்பிள் மரத்தை எடுத்திருக்கிறேன், புருஷன் முகத்தை எடுக்கவில்லை. போன மாதம் எடுத்ததும் வெறும் மூக்கும் காதும்தான். ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது திருடனைப் போல முறைக்கிறது.

"முகம் மட்டும் ஓரளவு தெரிஞ்சா போதுங்க. உடைய நாங்க மாத்திக்குடுத்துடுவோம்" என்றார் கொமியா.

கழுத்துக்குக் கீழே யாரோ. இவருக்குமா? இந்த வீட்டிலேயா?

அப்போதுதான் அலமாரியில் கேமரா இருப்பது நினைவு வந்தது. அதற்குள் ஒன்பது படம். எடுத்துப் பார்த்தேன். லென்ஸ் மேல் மூடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மூடியைக் கழற்றினேனா? எவ்வளவு யோசித்தும் என் விரல் அதைக் கழற்றியதாக நினைவில்லை. இப்போது இல்லை என்றால் அலமாரியில் போடும்போது விழுந்திருக்கலாம். தேடினேன், அலமாரிக்கு அடியிலும் இல்லை. அவர் விரல் நீட்டினாரே, லென்ஸை நோக்கி நேராக நீட்டினாரே. என்னவென்று நீட்டினார்? மூடி இருக்கிறது என்று சொல்லத்தான் நீட்டியிருக்க வேண்டும். நான்தான் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேனே. ஐயோ, நான் ஏங்க அப்படிச் சொன்னேன். ஒரு வார்த்தை பேச விட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் எனக்கு.

வந்து சேர்ந்த அக்காவை அவர் உடல் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு மூன்று மணிக்கு உஷியாமா கடைக்குப் போனேன். கேமராவை நீட்டினேன். "உள்ள மொரியோ இருக்காரான்னு பாக்கணும்" என்றேன். அப்படித்தான் சொன்னேனாம், அவள் பிறகு சொன்னாள். கடைக் கதவில் 'மூடப்பட்டது' பலகையைத் திருப்பி மாட்டினாள். பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே அந்த ஐயாயிரம் யென் மலை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஃபிலிம் வெறுமையாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். வெறுமையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன், அப்போதுதான் எழுந்து நிற்க முடியும்.

உஷியாமா வெளியே வந்தாள். கையில் ஈரம் சொட்டும் ஃபிலிம். பூதக்கண்ணாடியைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"இருக்காரு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுதேன். ஆஸ்பத்திரியில் வராதது, கொமியாவிடம் வராதது, எல்லாம் அந்தக் கடை முக்காலியில் வந்தது.

நவம்பர் 14, சனி

எட்டுப் படத்திலும் மொரியோ ஒழுங்காக இருக்கிறார். ஒழுங்காக இருக்கும் எவரோ மாதிரி இருக்கிறார். ஒன்பதாவதுதான் அவர். கண் இரண்டும் ஊசி முனைபோல் தெளிவு. கண்ணுக்கு முன்னால் நீட்டிய விரல், கீழ் ஓரத்தில் மங்கலாக, பெரிதாக. மூடின வாய்க்குள் சிரிப்பு அடங்காமல் கன்னம் உப்பியிருக்கிறது.

நேற்று மத்தியானம் கொமியா படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "ரொம்ப நல்லா இருக்குங்க. விரலை மட்டும் எடுத்துடறோம். ஜாக்கெட்டுக்குப் பதிலா கறுப்புக் கோட்டும்..."

"ஒண்ணும் எடுக்காதீங்க. ஒண்ணும் போடாதீங்க."

"சாவு வீட்ல விரல் நீட்டினாப்ல இருந்தா வர்றவங்க..."

"வர்றவங்களைத்தான் நீட்டறாரு. இருக்கட்டும்."

இன்று சடங்கு. மொரியோவின் அத்தை படத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார், இது என்ன கூத்து என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார். எனக்கும் காது கேட்கும். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ரயில்காரர்கள் வந்தார்கள். ஆறு பேர், சீருடையில், வெள்ளைக் கையுறையோடு. ஊதுவத்தி வைத்துத் தலை குனிந்தார்கள். மேற்பார்வையாளர் எழுந்திருக்கும்போது படத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கை தானாக உயர்ந்தது. விரலை நேராக நீட்டி, பிளாட்பாரத்தில் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்:

"மொரியோ அண்ணன், சரியா இருக்காரு."

மீதி ஐந்து பேரும் அப்படியே விரல் நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். மண்டபமே அதிர்ந்துவிட்டது.

நவம்பர் 20, வெள்ளி

அக்கா வருவதே இல்லை. நானே போன் செய்தேன்.

"இருபத்தொம்பதாந்தேதி வரியா?"

"வரல. எனக்குப் படமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

"ஏங்க்கா?"

முடி உலர்த்தும் மெஷின் மட்டும் எங்கோ ஓடியது. "சாவுப் படம், சாவுப் படம்னு நான்தானே ஆரம்பிச்சேன். எனக்குக் கேட்டதை அவன் வாங்கிட்டுப் போயிட்டான். என் வாய்தான்டி அவனைக் கூப்பிட்டுச்சு."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே."

"அந்த லென்ஸை வித்துடு ஹரு. அது வீட்ல இருக்கற வரைக்கும் நான் வர மாட்டேன்."

எனக்கு அதிர்ச்சி அவள் சொன்னதில் இல்லை. இத்தனை நாள் அதைத் தனியாகவே சுமந்துகொண்டு, வாடிக்கைக்காரிகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதில்தான்.

டிசம்பர் 6, ஞாயிறு

லென்ஸை விற்கப் போனேன். அக்கா இல்லாமல் என்னால் இருக்க முடியாது. லென்ஸ் இல்லாமல் இருக்கலாம்.

உஷியாமா புரட்டிப் பார்த்தாள். "மூடி எங்க?"

"காணோம்."

"மூடியோட கொண்டாங்க. மூடி இல்லாம நான் வாங்கறதில்ல."

பொய். அந்த மலையில் பாதிக்கு மூடி கிடையாது. ஆனாலும் திரும்பி வந்தேன். அலமாரி, நாற்காலிக்கு அடியில், பாய் இடுக்கில், கேமராப் பை. எங்கும் இல்லை.

டிசம்பர் 16, புதன்

பூசணி. இன்று ஒரு பிள்ளை இரண்டாம் முறை கேட்டு வாங்கியது.

டிசம்பர் 27, ஞாயிறு

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு. உண்மையான நாள் புதன்கிழமைதான் வருகிறது, எல்லோரும் வர வேண்டுமென்று இன்றைக்கு வைத்தோம். சாம்பலைக் கல்லறையில் வைத்தாயிற்று. மலை முழுக்கப் பனி. அத்தை, ரயில்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அக்கா மட்டும் கால்களைக் கணப்பு மேசைப் போர்வைக்குள் விட்டு உட்கார்ந்திருந்தாள். வந்துதான் ஆக வேண்டும் என்பதற்காக வந்திருக்கிறாள். படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதப் பையில் அவர் உடைகளைக் கொடுத்திருந்தார்கள். இத்தனை நாள் பிரிக்கவில்லை. இன்று பிரித்துவிடலாம் என்று தோன்றியது, அக்கா இருக்கும்போதே. பூட்ஸ். ஒரு பக்கக் கயிறு கட்டியிருக்கிறது. நீல ஜாக்கெட். உதறி மடிக்கும்போது உள் பையில் கடினமாக ஏதோ தட்டியது. பென்சில் ஒன்று, இஞ்சி மிட்டாய் ஒன்று, கைக்குட்டையில் சுற்றி ஏதோ ஒன்று.

தகர மூடி. உள்ளே வெல்வெட்.

உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அக்கா பயந்துபோய் எழுந்து வந்தாள். "என்னடி? என்னது அது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் இருந்தபோது கேமராவை எடுத்து வைத்தாரே. அப்போதே கழற்றியிருக்கிறார். கழற்றியதைத் திரும்ப என் கண்ணில் படாமல் பையில் போட்டுக்கொண்டார், இந்தப் பைத்தியக்காரி மறுபடியும் போட்டுக்கொண்டு எடுப்பாள் என்று. நான்கு நாள் வேலைக்கும் கொண்டுபோயிருக்கிறார். அவர் விரல் நீட்டியது மூடி இருக்கிறது என்று சொல்வதற்கு அல்ல. வாயைத் திறக்கக் கூடாது என்பதால் வாய்க்குள்ளேயே சொல்லியிருக்கிறார்: மூடி, இல்லை.

அக்காவிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே திரும்பி முதல்முறையாகப் படத்தை நேராகப் பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கா இந்தச் சிரிப்பு" என்றாள். "என் வாய் கூப்பிட்டதுக்கு இந்த மாதிரி ஒருத்தன் சிரிப்பானா?"

"மாட்டாரு."

ஜன்னலில் பனி வெளிச்சம் இருந்தது, மெல்லிய துணியே தேவையில்லாத வெளிச்சம். அக்கா கறுப்பு உடையில் இருந்தாள், தலை சீவியிருந்தாள். சாயம் மட்டும் போடவில்லை. அவளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எடுத்துடு. வெள்ளை முடியோட இருக்கட்டும். நாளைக்கு மனசு மாறிடும்."

கேமராவை எடுத்துப் புது ஃபிலிம் போட்டேன். எடுக்கும் முன் லென்ஸை நோக்கி விரலை நீட்டி, வாய்விட்டுச் சொன்னேன்.

"மூடி, இல்லை."

அக்கா சிரித்துவிட்டாள். அதைத்தான் அழுத்தினேன். ஒரே ஒரு படம்.

நாளை ஃபிலிமை உஷியாமாவிடம் கொடுக்க வேண்டும். லென்ஸை விற்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். மூடியைக் கைக்குட்டையில் சுற்றி, அவர் ஜாக்கெட் பையிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.